இரண்டு மணிக் கட்டம்

அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் மகளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் கட்டில் காலடியில் தொங்கிய அட்டை அது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டியவர் அந்த மணிக்குரிய கட்டத்தில் டிக் போட வேண்டும். ஒரு மாதத்துக் கட்டங்களும் நிரம்பி வழிந்தன. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. அம்மாவின் இடுப்புக்குக் கீழே பொத்தான் அளவுக்குப் புண்.

வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். இவள் பிழைப்பே டிக்தான். பஸ் நிலையக் கழிப்பறைகளுக்குச் சூப்பர்வைசர். மணிக்கொரு தரம் கழுவியாயிற்று என்று கதவில் ஒட்டிய தாளில் குறிக்க வேண்டியவள், பன்னிரண்டு டிக்கையும் சாயங்காலம் கிளம்பும்போது நின்றவாக்கில் போட்டுவிட்டுப் போவாள். கூட வேலை பார்ப்பவர்கள் 'டிக்கம்மா' என்றே கூப்பிட்டார்கள். அதனால் யாருடைய தோலும் உரிந்துவிடாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அரசாங்கச் செலவில் நடக்கும் முதியோர் இல்லம். இந்தக் கட்டிலுக்காக இரண்டு வருஷம் மனுவும் கையுமாக அலைந்திருக்கிறாள். வீடென்பது ஒற்றை அறை. பகலில் அம்மாவோடு இருக்க ஆளில்லை. வாயைத் திறந்தால் கட்டில் போய்விடுமோ என்று பயந்தாள். ஆனால் புண்ணைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? நேரே வார்டனிடம் போனாள்.

எரிந்து விழுவார் என்று பார்த்தால், அந்த அம்மாள் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்த மரியாதையிலேயே பாதிக் கோபம் கரைந்துவிட்டது. வயதானவர்களின் தோல் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"புரட்டவே இல்லைன்னு எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நிஜமா போட்ட டிக் இப்படி வரிசையா நிக்காதுங்க. ஆள் மாறுனா பேனா மாறும். ராத்திரி தூக்கக் கலக்கத்துல கோட்டைத் தாண்டும். ஒண்ணு ரெண்டு விட்டும் போகும்."

வார்டன் தலையாட்டியபடி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். கட்டாயம் கவனிப்பதாக வாக்கும் கொடுத்தார். வெளியே வந்தவள் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்த லீவு கிடைத்தது. பகல் ஒரு மணிக்கே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதிய அட்டை. நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று மை. ராத்திரிக் கட்டங்களில் கோடு தாண்டிய டிக்குகள். நடுவில் ஒருநாள் ஒன்றை விட்டும் இருந்தார்கள். சொன்னதை மதித்துவிட்டார்களே என்று பைத்தியக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பல்லாம் ஒழுங்கா புரட்டி விடறாங்களாம்மா?"

அம்மா வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "நீ இனிமே அவங்ககிட்ட ஒண்ணும் கேக்காதடி" என்றாள்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டரையும் ஆயிற்று. ஒரு ஈ காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. கடைசியில் தானே அம்மாவைப் புரட்டினாள். புண் உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதைத் துடைக்க வெந்நீர் வாங்கச் சமையலறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அட்டையில் இரண்டு மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. பச்சை மை, இன்னும் காயவில்லை. டிக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.