பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

கருவியை நம்பத் தெரிந்தவனே நாகரிக மனிதன். இதை முழுப் பொறுப்போடு சொல்கிறேன். மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டு பயந்தது, பிறகு இடியைக் கண்டு பயந்தது, அப்புறம் ஒருவழியாகப் படித்து முன்னேறியது. முன்னேற மறுத்தவர்களில் கடைசியாக மிஞ்சியிருப்பவர் என் அம்மா.

நான் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. ஆகையால் மிக்ஸி தொடங்கி மாமாவின் மூச்சு வரை, மின்சாரத்தில் ஓடுகிற எல்லாமே குடும்பத்தில் என் இலாகா.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஐம்பதைத் தாண்டிய அம்மாவை இன்னும் 'பாப்பா' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிளம்பர் வேலை. சுவரை உடைத்த தூசியை ஆயுள் முழுக்க உள்ளே இழுத்தார். அது போதாதென்று சிகரெட்டையும் இழுத்தார். இரண்டுமாகச் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. ஊரான் வீட்டு அடைப்பையெல்லாம் எடுத்தவனுக்குச் சொந்த அடைப்பை எடுக்க ஆளில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஓர் ஆக்சிஜன் மெஷினுக்கு எழுதிக்கொடுத்தார். தொடை உயரம், அடியில் சக்கரம், பார்க்க வாஷிங் மெஷினின் தம்பி மாதிரி இருக்கும். அறைக் காற்றை இழுத்து, வேண்டாததைக் கழித்து, ஆக்சிஜனை அனுப்பும். அது பக்கத்திலுள்ள தண்ணீர் பாட்டிலுக்குள் குமிழியிட்டு, ஈரமாகி, நீளக் குழாய் வழியே மூக்குக்குப் போகும். குழாய் சமையலறைக்கு எட்டும், குளியலறைக்கு எட்டும், ஜன்னலுக்கும் எட்டும். வாசல் கதவுக்கு மட்டும் ஓரடி குறையும். யாராவது மணியடித்தால் மாமா அந்த ஓரடிக்கு இப்பால் நின்றபடி, தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளிக்கொண்டு வா என்று குரல் கொடுப்பார். மெஷினுக்கு அவர் வைத்த பெயர் 'குடித்தனக்காரன்'. "ராப்பகலா குறட்டை விடுறான். ஆனா அவன் காலி பண்ணா நானும் காலி" என்பார்.

அந்தக் குடித்தனக்காரனை நம்பித்தான் மாமா தன் வீட்டிலேயே தனியாக இருக்க அம்மா சம்மதித்தாள். அதற்காக நான் எடுத்துக்கொண்ட பிரயாசை கொஞ்சமல்ல. மெஷின் சரியாக இருக்கிறவரை மாமாவும் சரியாக இருப்பார் என்று உத்தரவாதம் கொடுத்தேன். அம்மா தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, மறுநாளிலிருந்து காலையும் மாலையும் போய் நின்றாள். ஒரு மனிதன் தனியாக வாழ்வதைச் சரிபார்க்க இத்தனை தடவை ஆள் வந்தால் அவன் எப்போது தனியாக வாழ்வது என்று மாமா புலம்பியதும் நியாயம்தான்.

அம்மா வந்தால் மெஷினின் விளக்கைப் பார்க்க மாட்டாள். மாமாவின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி, ஒரு தம்ளர் தண்ணீரில் அதன் நுனியை முக்கிப் பார்ப்பாள். குமிழி வந்தால்தான் காற்று வருகிறது என்று அர்த்தமாம். யாரோ ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

நான் பொறுமையாக விளக்கினேன். பச்சை விளக்கு எரிகிறது. அளவு காட்டும் குட்டிக் குண்டு இரண்டில் நிற்கிறது. பாட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொப்பளிக்கிறது. மூன்று சாட்சி சொன்ன பிறகும் தம்ளரைக் கூப்பிட்டு நாலாவது சாட்சி எதற்கு? அதோடு விட்டிருக்கலாம். அவள் குழாயை முக்கும்போது படம் பிடித்து, 'அம்மா மூக்குக்குழாய்க்கு ஸ்நானம் செய்விக்கிறார்' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தப்பாக்கள் சிரித்துத் தீர்த்தார்கள். அம்மா தம்ளரை அலமாரியில் வைத்தவள்தான், பிறகு எடுக்கவில்லை. அறிவியலுக்குக் கிடைத்த வெற்றி.

போன வாரம் மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்பில் எப்போதும் தொண்ணூற்றிரண்டு காட்டும். இப்போது உட்கார்ந்திருக்கும்போதே எண்பத்தாறு. சமையலறைக்குப் போய்வந்தால் அதுவும் இல்லை. கிளிப்பின் பேட்டரியை மாற்றினேன். அதே எண்பத்தாறு.

கம்பெனி உதவி எண்ணுக்குப் பேசினேன். தமிழுக்கு இதை அமுக்கு, ஆளுக்கு அதை அமுக்கு என்று அமுக்கச் சொல்லிவிட்டு, பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஓர் அம்மணி வந்தார். பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றேன். அப்படியென்றால் மெஷினில் பிரச்சினை இல்லை சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றார். இந்த உதவியே வரவில்லையே என்றேன். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். மறுபடி அதே பாட்டு. இரண்டாவது சரணம் எனக்கு மனப்பாடம்.

டாக்டரின் கிளினிக்கில் ஒழுங்காகப் பேசினார்கள். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், திங்கட்கிழமை அழைத்து வாருங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள், உதடு நீலம் பாய்ந்தால் உடனே கிளம்புங்கள் என்றார்கள். 'அதுவரை' என்ற சொல் அம்மாவின் காதில் விழவே இல்லை. அன்றைக்கே பெட்டியை எடுத்துவிட்டாள். மாமா இனிமேல் எங்கள் வீட்டில், துணி காயப்போடுகிற அறையில் இருப்பார். நிரந்தரமாக.

"நான் எங்கயும் வரல, பாப்பா. மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் மாமா. இந்த ஒரு வரியைச் சொல்ல அவர் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். துறை வல்லுநரின் கருத்து தேவைப்பட்டது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. பச்சை எரியுது பாருங்க. உங்களுக்குத்தான் கொஞ்சம் கூடிடுச்சு."

மாமா கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீயுமா மாப்ளே" என்று கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வழிக்காக ஒரு சின்ன சிலிண்டர் வந்தது. குழந்தையைப் போலத் தோளில் போட்டுக்கொள்ளலாம். அளவைக் கிளினிக்கில் சொன்னபடி அதே இரண்டில் வைத்து, மாமாவை அதற்கு மாற்றினேன். அம்மா அவர் சட்டைகளை மடித்து அடுக்கினாள். குழாய் முடுக்கும் ரென்ச்சுகள் இருந்த பையை மட்டும், இது எதுக்கு அங்கே என்று ஒதுக்கி வைத்தாள். மாமா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வரத் தாமதமானது. சும்மா இருக்கட்டுமே என்று கிளிப்பை மறுபடி மாட்டிவிட்டேன். எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு.

"பாத்தியாடா? நம்ம வீட்டுக்கு வர்றோம்னதும் ஆளே தேறிட்டாரு" என்றாள் அம்மா. முகமெல்லாம் பூரிப்பு. பெட்டியின் அடுத்த அடுக்குக்குத் துணி எடுக்க உள்ளறைக்குப் போனாள்.

அதே நுரையீரல். அதே இரண்டு. மாறியது மெஷின் மட்டும்தான். மூன்றாம் ஆண்டு வரைக்கும் படிக்காதவனுக்கே இந்தக் கணக்கு வரும்.

கூடத்தில் குடித்தனக்காரன் தன் பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பச்சை விளக்கு, இரண்டில் குண்டு, பாட்டிலில் கொப்பளிப்பு. மூன்று சாட்சியும் கூண்டில் ஏறி நின்று கண் சிமிட்டாமல் சத்தியம் செய்தன. உள்ளறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். அலமாரியிலிருந்து தம்ளரை எடுத்தேன். சத்தமில்லாமல் சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, மெஷினின் மூக்குக்குழாய் நுனியை முக்கினேன்.

ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு குமிழி, வேண்டா விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

குழாயை விரலால் தடவிக்கொண்டே பாட்டில்வரை வந்தேன். மூடிப்பக்கம் காதை வைத்தால் உஸ்ஸென்று சத்தம். மூடி கோணலாக உட்கார்ந்திருந்தது. கழற்றினால், பாட்டில் வாயின் திருகு மரை முழுக்க வெள்ளை டேப். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவார்களே, அதே டேப், அழகாக, ஒரே சீராக, தடிமனாகச் சுற்றியிருந்தது. மூடி கடைசிவரை இறங்க முடியாமல், பாட்டிலில் கொப்பளித்த காற்றெல்லாம் அந்த இடுக்கு வழியாக அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரமாக இந்த வீட்டின் சுவர்கள் நல்ல ஆக்சிஜன் சுவாசித்திருக்கின்றன.

மாமாவிடம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

"போன வாரம் பாட்டில் மாத்துனேன். புதுசு" என்றார் தாழ்ந்த குரலில். "டேப் சுத்தாம மரையை மாட்டுனா ஒழுகாதா?"

"சுத்துனதாலதான் மாமா ஒழுகுது."

அவர் பாட்டிலை வாங்கி அதன் வாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒழுகல் என்ற சொல்லைத் தன் கைவேலையைப் பற்றி முதல்முறை கேட்கிறவரின் முகம். பிறகு டேப்பை அவரே நகத்தால் உரித்து எடுத்து, மூடியை மாட்டி, ரென்ச் இல்லாமல் கையாலேயே முடுக்கினார். நான் நுனியைத் தம்ளரில் விட்டேன். குமிழிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

உள்ளறைக் கதவு திறந்தது.

"தம்ளரை வச்சுக்கிட்டு என்னடா பண்ற?"

"தாகம்" என்றேன். சொன்ன வாய்க்குச் சாட்சி வேண்டுமல்லவா, முழுத் தம்ளரையும் ஒரே மடக்கில் குடித்துக் காட்டினேன். ரப்பர் வாசனை அடித்தது.

மாமா சிலிண்டர் குழாயைக் கழற்றி மெஷின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, கிளிப் மாட்டிய விரலைத் தங்கைக்கு நேராக நீட்டினார். தொண்ணூற்றிரண்டு.

"டாக்டரைத் திங்கக்கிழமை பாக்கலாம், அதுவரைக்கும் வேணா நீ இங்க வந்து படுத்துக்க. பெட்டியப் பிரி, பாப்பா."

அம்மா அவரைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். எதையும் நம்பாத முகத்தோடு என்னைப் பார்த்தாள். "இப்ப சரியாயிடுச்சா? நிச்சயமாவா?"

"பச்சை எரியுதேம்மா" என்றேன்.

அவள் முணுமுணுத்தபடி சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும் தம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து, மாமாவின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் குழாயைக் கழற்றிக் கொடுத்தார்.