தட்டாத மரம்

சூசைமுத்து கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு பொட்டிப்புரம் கீழத்தெருவுக்குள் நுழைந்தபோது கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. விடியற்காலையில் ஆடிக் காற்றில் சாய்ந்த புளியமரம், பஞ்சம்மாளின் கொல்லையிலிருந்து வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு நல்லகண்ணுவின் மாட்டுத் தொழுவத்தின் மேல் குப்புறப் படுத்துக் கிடந்தது. தொழுவத்தில் நின்ற சினைப்பசு செத்துவிட்டது. இழுத்து வெளியே போட்டு வைக்கோலால் மூடியிருந்தார்கள். வைக்கோலுக்கு வெளியே ஒரு கொம்பு மட்டும் தெரிந்தது.

"வாங்கண்ணே. நீங்க வந்துட்டீகள்ல, இனி சண்டையுமில்ல சச்சரவுமில்ல" என்றார் காப்பிக்கடை சுயம்புலிங்கம். யாரோ அடிமரத்தின் மேல் ஒரு சாக்கை விரித்துவிட்டார்கள். சூசைமுத்து அதில் உட்கார்ந்தான். ஆள் வந்து கூப்பிட்டதிலிருந்து, விழுந்தது வேறு எந்த மரமாவது இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவன் அவன்.

ஓடைக்கு அக்கரையிலிருந்த வேதக்காரத் தெருவில் அவன் வீடு. வயசுக் காலத்தில் மேகமலைப் பக்கம் தோட்டத்துக்காகக் காடு வெட்டப் போனவன், ஒரு மரத்தின் உச்சியிலிருந்து விழுந்தும் உயிரோடு எழுந்து வந்தான். அன்று அந்தோனியாருக்கு ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டான். மரம் வெட்டினால் கூலி வாங்குவான். மரத்தைப் பார்த்துச் சொல்வதற்குக் கை நீட்ட மாட்டான். கோடாரியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவான். சத்தத்தைக் கேட்டே உள்ளே உளுத்திருக்கிறதா, வேர் பிடி விட்டிருக்கிறதா, இன்னும் எத்தனை காற்றைத் தாங்கும் என்றெல்லாம் சொல்லிவிடுவான். 'வெட்டாதே' என்று சொன்னால் அவனுக்குத்தான் கூலி நஷ்டம். அப்படியும் சொல்கிறவன் என்பதால்தான் அவன் சொல்லுக்கு அத்தனை மரியாதை.

அந்த மரியாதையே மெல்ல மெல்ல அவனை நியாயம் சொல்கிறவனாகவும் ஆக்கிவிட்டது. மரம் விழுந்து யாருக்காவது சேதமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய நியாயம் எளிமையானது. மரக்காரனுக்கு முன்னமே சந்தேகம் தட்டியிருந்து, தட்டியும் சும்மா இருந்திருந்தால் மாட்டுக்கு மாடு, கூரைக்குக் கூரை. மரம் ஒரு அறிகுறியும் காட்டாமல் விழுந்திருந்தால் அது காற்றின் வேலை. அவரவர் நஷ்டம் அவரவருக்கு. இதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

நல்லகண்ணுவின் பெண்சாதி கஸ்தூரியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தாள். "சினை மாடுண்ணே. நேத்துச் சாயந்தரங்கூட என் கையால தவிடு வச்சேன். இந்தா, வேரைப் பாருங்க. பொட்டுப் பொட்டா உதிருது. வருசா வருசம் புளி உலுக்கையில மட்டும் மரம் இவுகளுது. விழுகையில மட்டும் காத்தோட மரமாக்கும்."

"மரம் என்னுதுதான் கஸ்தூரி" என்றாள் பஞ்சம்மாள். "நின்னாலும் என்னுது, விழுந்தாலும் என்னுது."

புருஷனை இழந்து ஒண்டியாக இருக்கிறவள். அந்தப் புளியும் ஒரு கறவை மாடும்தான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன. புளி போய்விட்டது. மாடு, அதோ அவள் வீட்டு வாசலில் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

சூசைமுத்து வேர்மூட்டைப் பார்ப்பதுபோல் குனிந்தான். மரத்தடியில் தெருக்காரர்கள் நட்டுக் கும்பிட்ட முனிக் கல், மண்ணோடு பெயர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்குள் யாரோ அதன் மேல் மஞ்சள் பூசியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவனுக்குப் பிடரி சில்லிட்டது. பங்குனியிலும் இப்படித்தான் சில்லிட்டது.

பங்குனி வெயிலில் பஞ்சம்மாள் ஓடையைத் தாண்டி அவன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள். மரத்தடியில் காளான் பூத்திருப்பதாகச் சொன்னாள். "முனி குடியிருக்கிற மரம்னு யோசிக்காத சூசை. நான் பூப்போட்டுக் கேட்டுட்டேன். தட்டிப் பாக்கச் சொல்லி உத்தரவாயிருச்சு" என்றாள். அவன் சிரித்தான். எனக்கு முனியும் ஒண்ணுதான், முருங்கையும் ஒண்ணுதான் என்று காப்பிக்கடையில் அவன் சொன்ன வாக்கு ஊரெல்லாம் பிரசித்தம். கல்லுக்குப் பயப்படுகிறவன் கிறிஸ்தவனே அல்ல என்று சாமியார் பிரசங்கம் வைத்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டியவனும் அவன்தான்.

தெரு முழுவதும் அறுப்புக்குப் போயிருந்தது. பஞ்சம்மாள் மோர் கொண்டுவர உள்ளே போனாள். அவன் கோடாரியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவனுடைய பூட்டன் காலத்தில் அவர்கள் வீட்டுக்கும் இந்த முனிதான் குலசாமி. வேதத்தில் சேர்ந்து தன்னை விட்டுப் போன வீட்டுக்காரனை அது மறந்திருக்குமா என்று ஒரு நினைப்பு, எங்கிருந்தோ வந்து முதுகுத்தண்டில் உட்கார்ந்துகொண்டது. மற்றவன் தட்டினால் பொறுத்துக்கொள்ளும், தன்னைப் பொறுத்துக்கொள்ளுமா? கோடாரியைக் கீழே இறக்கினான். பஞ்சம்மாள் மோரோடு வந்தபோது, "தட்டிப் பாத்துட்டேங்கா. இரும்பு மாதிரி நிக்கிது. பயப்படாதீக" என்றான். மோரை ஒரே மடக்கில் குடித்தான். அதற்குப் பிறகு கீழத்தெரு வழியாக அவன் நடப்பதில்லை. கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

இப்போது கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாக வேண்டும். கூட்டம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேர்ச்சை, பேர், மரியாதை எல்லாம் அந்தத் தொழுவத்துக் கூரைபோல் நொறுங்கிவிடும்.

"அக்கா" என்றான். "மரம் விழுந்துரும்னு உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் பஞ்சம்மாள். "பங்குனியிலயே அடியில காளான் பூத்துச்சு. பாத்தேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீக?" என்று பாய்ந்தாள் கஸ்தூரியம்மாள்.

"இருந்தேன். வெட்டினா வருசத்துப் புளி போயிருமேன்னு இருந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு முந்தானை நுனியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட ஆரம்பித்தாள். அவன் காத்திருந்தான். அவள் இன்னும் சொல்வாள் என்று காத்திருந்தான். சொல்லவில்லை. 'நான்தான் பயப்படாதீகன்னு சொன்னேன்' என்ற வார்த்தைகள் அவன் தொண்டைவரை வந்து நின்றன. ஆனால் வாயைத் திறந்தபோது வெளியே வந்தது, பழக்கப்பட்ட வேறு வார்த்தை.

"அப்ப, மாட்டுக்கு மாடு."

நல்லகண்ணு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. சுயம்புலிங்கம் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சு போச்சு பாத்தீகளா. இதுவே பெரியகுளம் கோர்ட்டுன்னா, வக்கீலுக்கு ஒரு மாடு, குமாஸ்தாவுக்கு ஒரு கன்னுன்னு கட்டி, கடைசியில சாணியை ரெண்டு பேரும் பங்கு வச்சிருக்கணும்." கூட்டம் சிரித்தது.

பஞ்சம்மாள் தானே போய் மாட்டை அவிழ்த்தாள். விலைக்குக் கொடுக்கிறவர்கள் பழைய கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். அவள் கயிற்றோடேயே நல்லகண்ணுவின் கையில் கொடுத்தாள். மாடு வேலிவரை போய்த் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. கஸ்தூரியம்மாள் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

கூட்டம் கலைகிற சந்தடியில் பஞ்சம்மாள் அவனருகே வந்து நின்றாள். உதிர்ந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டே, தணிந்த குரலில் பேசினாள்.

"அன்னைக்கு நான் அடுப்படியிலதான் நின்னேன் சூசை. காது இங்கனதான் இருந்துச்சு. ஒரு தட்டுக்கூடக் கேக்கல."

அவன் கோடாரியை எடுக்கக் குனிந்தான்.

"தட்டலேன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா நல்ல மரம்னு நீ சொன்னது எனக்குத் தோதாப் போச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டேன். அது என் தப்பு. என் பங்கை நான் குடுத்துட்டேன்." சுள்ளிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

வீடு திரும்பிய சூசைமுத்து கோடாரியைக் கொல்லையில் போட்டான். கஞ்சி வேண்டாம் என்றான். கொட்டகையில் நின்ற செவலைப் பசுவை அவிழ்த்தான். அவன் பெண்சாதி இன்னாசியம்மாள் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"எங்கன ஓட்டிட்டுப் போறீக?"

"பஞ்சம்மாக்காவுக்கு."

"அந்தக்கா கேட்டாகளா?"

"யாரும் கேக்கல."

அவள் கொஞ்ச நேரம் பசுவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பசுவைக் கன்றிலிருந்து வளர்த்தவள் அவள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றாள். அவள் ஒரு பாட்டம் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஓடையில் துணி துவைத்தவர்கள் விசாரித்தார்கள். வரப்பில் நின்றவர்கள் விசாரித்தார்கள். அவன் பதில் சொல்லாததே பெரிய பதிலாகிவிட்டது. அவன் கீழத்தெருவை எட்டுவதற்கு முன்னால் சேதி எட்டியிருந்தது. சுயம்புலிங்கம் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே நடந்தார். "நியாயத்தையும் சொல்லி, நஷ்டத்தையும் தானே சுமக்கிற ஆளை நான் பாத்ததில்லப்பா" என்று ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சூசைமுத்து கயிற்றைக் கையில் சுற்றினான். கை சிவக்கும்வரை சுற்றினான். வழியில் எந்த இடத்திலாவது நின்று சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினான். ஒவ்வொரு வாசலிலும் அவன் இன்னும் கொஞ்சம் உத்தமனாகிக்கொண்டு போனான்.

பஞ்சம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து ஒடிந்த புளியங்கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கயிற்றை நீட்டினான். அவள் கை வரவில்லை.

"இவுகள்ட்ட என்னன்னு சொல்லிக் கொண்டாந்த?" என்று கேட்டாள், கூட்டத்தைக் கண்ணால் காட்டி.

"ஒண்ணும் சொல்லல."

"தர்மமாத் தர்றியாமே. எனக்குத் தர்ம மாடு வேணாம் சூசை. ஓட்டிட்டுப் போ."

"வாங்கிக்கோங்கத்தா, மகராசன் மனசு நோகப் போகுது" என்றது கூட்டத்தில் ஒரு குரல். வேலிக்கு அந்தப் பக்கம் நல்லகண்ணுவும் கஸ்தூரியம்மாளும் வந்து நின்றார்கள்.

சூசைமுத்து கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "எல்லாரும் கொஞ்சம் இருங்க" என்றான்.

இன்னொரு நியாயம் சொல்லப்போகிறான் என்று நினைத்து ஆண்கள் தோள்துண்டை இறக்கினார்கள். பெண்கள் பிள்ளைகளை அடக்கினார்கள். சுயம்புலிங்கம் ஒரு பலகையைத் தூக்கி வந்து போட்டார். அவன் உட்காரவில்லை. காற்று ஓய்ந்திருந்தது. பசு தலையை நீட்டி, விழுந்து கிடந்த மரத்திலிருந்து ஒரு கொத்தைப் பறித்து மென்றது.

பஞ்சம்மாள் எழுந்து நின்றாள். பசுவைப் பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.