கறுப்பியும் பிற தொல்லைகளும்

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டு பெண்கள் கோழிக்காகப் போட்ட சண்டை, காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. நிம்மதியாக ஒரு காதல் கதை எழுதலாம் என்றிருந்தேன். விட்டார்களா?

முதல் தொடக்கம்: 'காவிரியில் புதுத்தண்ணீர் வந்த அன்று ஷமீரா மொட்டை மாடியில்—'

(வேண்டாம். கோழிக்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம்?)

2

ஷமீராவின் கணவன் ஃபாஜில் துபாயில். மகன் ஆஸிம், கடை முட்டை வாடையடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவான். அதனால்தான் மாடியில் நாட்டுக்கோழி வளர்த்தாள். எல்லாம் பெட்டை என்று சொல்லித்தான் குஞ்சு வியாபாரி விற்றான், ஒன்று சேவலாகிவிட்டது. அதற்கு நேரம் காலம் கிடையாது. பஸ் ஹாரன் அடித்தாலும் பதில் கூவும்.

ஒழுங்காக முட்டையிட்ட ஒரே கோழி கறுப்பி. அதுவும் ஒருநாள் காணாமல் போனது. பூனைதான் என்று முடிவுகட்டி, அன்றைக்கு ஷமீரா சாப்பிடவே இல்லை.

மாடிக்கு நேர் கீழ்வீட்டில் பூர்ணிமா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும்.

(இவளை முதலில் வில்லியாக எழுதினேன். தூக்கம் கெட்ட மனுஷி கத்தாமல் என்ன செய்வாள்? எழுதியதை அடித்துவிட்டேன்.)

3

வீட்டுக்காரர் மருதையன் போன் செய்தார். "பூர்ணிமா கம்ப்ளைன்ட் பண்ணிருக்காங்கம்மா. ஆட்டோவோட வர்றேன், எல்லாக் கோழியையும் புடிச்சு வைங்க."

ஷமீரா தடதடவென்று இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா?"

"எத்தனை தடவைடி சொல்றது? சேவலைத்தான் சொன்னேன். அந்த மனுஷன் எல்லாத்தையும் அள்ள வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"கறுப்பியத்தான் பூனை தின்னுடுச்சு. மிச்சத்தையும் நீங்க—"

பால்கனியிலிருந்து மெல்லிய கொக்கரிப்பு. ஷமீரா உள்ளே பாய்ந்தாள். துணிக்கூடையில், பூர்ணிமாவின் வெள்ளை யூனிஃபார்ம் மேல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கறுப்பி.

"திருடி வச்சுருக்கீங்க!"

"அதுவா வந்துச்சு. மொதல்ல இட்டதெல்லாம் ஆம்லெட் போட்டுட்டேன், பொய் சொல்லல. அப்புறம் அடை உக்காந்துடுச்சு. சொன்னா நீ தூக்கிட்டுப் போயிடுவே." பூர்ணிமாவின் குரல் இறங்கியது. "டியூட்டி முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தா வீட்ல ஒரு உசுரு இருக்கு, ஷமீரா."

கோழியின் அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து ஷமீராவின் காதில் வைத்தாள். உள்ளே கீச்சுச் சத்தம். ஷமீரா திட்ட வந்ததை மறந்து நின்றாள்.

(இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். எரிச்சலாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

4

மருதையன் மூச்சிரைக்க வந்து நின்றார். "இங்கயும் ஒண்ணா? இதையும் ஏத்திடவா?"

"இது என் கோழி சார்," என்றாள் பூர்ணிமா.

"உங்க கோழியா? கம்ப்ளைன்ட் குடுத்ததே நீங்கதானேம்மா!"

"ஆமா சார். இது என்னுது, மத்த பெட்டையெல்லாம் அவளோடது. அதெல்லாம் இருக்கட்டும்."

"அப்ப சேவல்?"

பூர்ணிமா ஷமீராவைப் பார்த்தாள். ஷமீரா முட்டையைப் பார்த்தாள். அதன் அப்பன் மாடியில்தான் இருக்கிறான்.

5

முடிவு ஒன்று: சேவல் பூதலூரில் ஒரு வயலுக்குப் போகிறது. (எல்லாரும் நல்லவர்கள். சகிக்கவில்லை.)

முடிவு இரண்டு: பிரியாணி. ஆஸிம் அழுகிறான், பூர்ணிமா இரண்டாம் தடவை போட்டுக்கொள்கி— (சே.)

என்னால் ஆகாது. மருதையன் இன்னும் வாசலில் நிற்கிறார், ஆட்டோக்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார். சேவலை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். முட்டை ஓடு விரிசல் விட ஆரம்பித்திருக்கிறது.