எல்லாருக்கும் என்று ஒரு வரி

ஏழுமலைக்கு நான் செய்தது முழுக்க முழுக்க சோம்பேறித்தனம். வேறு பெயர் வைத்து என்னை நானே தேற்றிக்கொள்ள விரும்பவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் நாங்கள் இருவரும் மெயின்டனன்ஸ். அவன் மனைவி பிரேமாவுக்கு வாரம் மூன்று நாள் திருவள்ளூரில் டயாலிசிஸ். இவன் ஷிஃப்டில் மாட்டிக்கொள்ளும் நாட்களில் அவள் எளாவூரிலிருந்து பஸ் மாறி மாறித் தனியே போவாள். எந்த பஸ் உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது என்று காட்ட ஏழுமலை ஒரு புரோகிராம் எழுதினான். நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில், 'கிட்' (Git) என்ற மென்பொருளில் அது இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் கிட் தேதியோடு காப்பாற்றி வைக்கும். ஏன் திருத்தினோம் என்று கூடவே ஒரு குறிப்பும் எழுத வேண்டும். நாங்களெல்லாம் 'சரி செய்தேன்' என்று ஒப்பேற்றிவிடுவோம்.

பயணிகளுக்கு பஸ் நேரம் சொல்லும் இலவசச் சேவை ஒன்று அவனுடைய நேரப் பட்டியலைக் கேட்டது. ஏழுமலை தயங்கினான்.

"டைமிங்க அவங்க எடுத்துக்கட்டும் ரகு. வெப்ல பாக்கற பேஜு மட்டும் வேணாம். நோட்ஸ்ல இன்னா இன்னாவோ எழுதி வெச்சிக்கினு கீறேன். பிரேமா கண்ணுல பட்டுடக் கூடாது."

"இன்னாடா, லவ் லெட்டரா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

சேவைக்கு ஒரு அனுமதி, குறிப்புகளெல்லாம் தெரியும் வெப் பக்கத்துக்கு ஒரு அனுமதி, இரண்டும் தனித்தனி. நான் வழக்கம்போல 'எல்லாருக்கும்' என்று ஒரே வரியைப் போட்டுவிட்டேன். வெப் பக்கமும் அதில் சேர்த்தி என்பது உறைக்கவே இல்லை. போதாக்குறைக்கு, ஊரே பஸ் நேரம் பார்க்கட்டும் என்று சர்வர் முகவரியை எளாவூர் வாட்ஸ்அப் குழுவிலும் தட்டிவிட்டேன். பிரேமாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைத் தற்செயலாகத் திறந்தேன். குறிப்புகள் வரிசையாக வந்தன.

'செவ்வாய் 6.10 பஸ் வரவில்லை. பிரேமா அரை மணி நேரம் நின்றாள். அதை எடுத்துவிட்டேன்.'

'பெரியபாளையத்தில் பெஞ்ச் உள்ள நிறுத்தத்தைச் சேர்த்தேன்.'

'கிட்னி மாற்றினால்தான் உண்டு என்கிறார் டாக்டர். அவளிடம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. பெரியபாளையம் கோயிலின் ஆடி மாதக் கூட்டத்துக்கு இருபது நிமிடம் கூட்டினேன்.'

சேவைக்கான அனுமதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடினேன். நேரே அவனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சட்டையைப் பிடிப்பான் என்றுதான் நினைத்தேன்.

"முந்தாநேத்தே படிச்சிட்டா," என்றான் ஏழுமலை.

"இன்னா சொன்னா?"

"எப்பவும் ஊட்டுக்கு வந்தா கம்ப்யூட்டரையே கட்டிக்கினு அழுவறேன்னு கத்துவா. அன்னிக்கி பக்கத்துல வந்து குந்திக்கினா." போனை எடுத்து அவளை அழைத்து என்னிடம் நீட்டினான். "நீ வந்தா உன்னாண்ட பேசணும்னா."

"தப்பு பண்ணிட்டேம்மா," என்றேன்.

"டாக்டரு என்னாண்டயும் எப்பவோ சொல்லிட்டாருண்ணா. இவரு பயந்துக்குவாருன்னு நான்தான் தெரியாத மாரி இருந்தேன்," என்றாள் பிரேமா. "அந்த செவ்வாக்கெழம நான் நின்னது அரை மணி இல்லண்ணா, ஒன்றரை மணி. மனசு கஷ்டப்படுவாருன்னு கொறச்சி சொன்னேன். அத சரியா எழுதிக்கச் சொல்லுங்க."