மச்சினனின் ஒப்பீட்டு அனுகூலம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு பத்திரிகை சுதந்திர வர்த்தகக் கோட்பாடு பற்றிக் கட்டுரை கேட்டது. இரண்டாம் பத்தியில், 'உதாரணத்துக்கு, பூட்டுத் தொழிற்சாலை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்' என்று எழுதினேன். எடுத்துக்கொண்டேன். அப்புறம் இறக்கி வைக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'உலகச் சந்தையின் கதவுகள் திறந்த அந்தப் பொன்னான காலையில்...'

(வேண்டாம். கதவு திறந்ததை யாரும் பார்க்கவில்லை. பூட்டு விற்காததைத்தான் பார்த்தார்கள்.)

இரண்டாவது: அரசின் பொருளாதார ஆலோசகர், பூட்டுகளுக்கான இறக்குமதி வரியை எடுத்துவிடச் சொல்லி அறிக்கை எழுதினார். எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பூட்டுகள் பாதி விலைக்கு வந்து குவிந்தன. ஆலோசகருடைய மனைவியின் தம்பி தன் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டு, பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அக்கா தம்பிக்குச் சாப்பாடு போட்டாள். கணவரோடு பேசுவதை நிறுத்தினாள்.

(ஒரே அறிக்கையில் இவ்வளவும் நடக்குமா? நடக்காது. கட்டுரையில் இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தேன். நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.)

3

ஆலோசகர் கல்நெஞ்சக்காரர் இல்லை, கோட்பாட்டை மனதார நம்பியவர். சாப்பாட்டு மேசையில் மச்சினனுக்குப் பொறுமையாக விளக்கினார்: எல்லா வேலையிலும் மட்டமானவனுக்குக்கூட, ஒப்பிட்டால் கொஞ்சம் குறைவாக மட்டமான ஒரு வேலை இருக்கும். அதுதான் அவனுடைய ஒப்பீட்டு அனுகூலம். அதை மட்டும் செய்துகொண்டு மற்றதை வாங்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் லாபம்.

மச்சினன் தட்டை விசிறியடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் கண் விரிந்துவிட்டது.

"அப்போ எனக்கு அது என்ன அத்தான்?"

ஆலோசகரிடம் அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. இருக்கிறது என்றுதான் கோட்பாடு சொன்னது. எது என்று சொல்லவில்லை.

4

தேடினார்கள். மச்சினன் டாக்ஸி ஓட்டினான். ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கி நடந்தார்கள். பேக்கரியில் சேர்ந்தான், ரொட்டியை வெட்ட ரம்பம் தேவைப்பட்டது. டியூஷன் எடுத்தான், குழந்தைகளுக்கு முன்னால் அவன் அழுதுவிட்டான். ஒவ்வொரு முறையும் ஆலோசகர் தேற்றினார்: மோசம்தான், ஆனால் எதோடு ஒப்பிட்டு மோசம் என்பதல்லவா கேள்வி?

(பூட்டு செய்த கைக்கு வேறொன்றும் வராதா? எனக்கே சந்தேகம்தான். 'நாற்பது வயதைத் தாண்டிய ஒரு கை, புதிய தொழிலை...' என்று ஆரம்பித்தேன். கட்டுரை வாடை அடித்தது. நிறுத்திவிட்டேன்.)

5

ஒருநாள், வேலை போனவர்களுக்குத் தாராளமயத்தை விளக்க ஆலோசகர் ஓர் ஊருக்குப் போனார். மச்சினனும் துணைக்குப் போனான். ஆலோசகர் வாயைத் திறந்ததுமே செருப்பு பறந்தது. மச்சினன் மைக்கைப் பிடுங்கி, "நானும் இழுத்து மூடினவன்தாங்க" என்றான். அரங்கம் அடங்கியது. அத்தான் சொன்னதையெல்லாம் வரி பிசகாமல் சொன்னான். கடைசியில் கைகூடத் தட்டினார்கள்.

அமைச்சர் அவனையே அரசின் பேச்சாளராக நியமித்து, ஆலோசகரை வீட்டுக்கு அனுப்பினார். குறைந்த செலவில் நன்றாகச் செய்பவனிடம் வேலையைக் கொடுக்க வேண்டும் என்பது ஆலோசகரின் அறிக்கையிலேயே இருந்தது. அவருக்கு மறுக்க வழியில்லை. மச்சினனுக்குக் கைகொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

வெகுநாளைக்குப் பிறகு மனைவி அவரிடம் பேசினாள்.

"சரி, உங்களுக்கு என்ன வரும்?"

அவர் யோசிக்க உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

6

மச்சினன் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் தன் ஊருக்கே வந்தான். அரங்கில் அவனுடைய பழைய ஆட்கள். பேசி முடித்தான். முன்பு அவன் தொழிற்சாலையில் சாவிகளுக்கு அரம் போட்ட பெண் எழுந்தாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

"நீங்க சொன்னது புரிஞ்சுது முதலாளி. உங்களுக்கு வர்ற வேலை உங்களுக்குக் கிடைச்சிடுச்சு. இதே வேலை இன்னும் எத்தனை காலி இருக்கு?"

முடிவு ஒன்று: அவன் 'நிறைய' என்கிறான். (பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவன் மேடையை விட்டு இறங்கி அவர்களோடு போய்... (எங்கே போய்?)

மூன்றாவது எனக்கு வரவில்லை. அவள் இன்னும் உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்து நிற்கிறார்கள். மைக் இதோ இருக்கிறது. கொஞ்சம் நீங்கள் பிடியுங்கள்.