நடு அறையின் சுழல் நாற்காலி

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஆசைப்பட்டுக் கிடைத்த நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஒருத்தியின் கதை சொல்கிறேன். அழுகைக் கதை இல்லை, பயப்படாதீர்கள்.

ஒரு கம்பெனி. பள்ளிக்கூட வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று பெற்றவர்களின் போனில் காட்டுகிற மென்பொருள் அவர்களுடையது. மாடியில் புரோகிராம் எழுதுகிறவர்கள். கீழே, அதை சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றி, நின்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஏதாவது நின்றுவிட்டால், "எழுதினது சரியில்ல" என்று கீழேயிருந்து ஒரு குரல், "ஏத்தினது சரியில்ல" என்று மேலேயிருந்து ஒரு குரல்.

கீழே பதினோரு வருஷம் உழைத்தவள் ஒருத்தி. எது வந்தாலும் "நான் பாத்துக்கறேன்" என்பாள். அதனால் ஆபீஸ் முழுக்க அவளுக்குப் "பாத்துக்கறேன் அக்கா" என்றே பெயர். மாடியில் எழுதுகிறவர்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே சமையலறை, வாய்ச்சண்டைக்குக் குறைவில்லாத பிரியம்.

ஒருநாள் மேனேஜர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு "டெவ்ஆப்ஸ்" என்ற சொல்லோடு திரும்பினார். எழுதுகிறவர்களும் அதை சர்வரில் ஓட்டுகிறவர்களும் கைகோத்து வேலை செய்வது என்று அதற்கு அர்த்தம். நல்ல விஷயம்தானே? மனிதர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், மாடிப்படி திரும்புகிற இடத்தில், ஒரு கண்ணாடி அறை கட்டினார். "டெவ்ஆப்ஸ் குழு" என்று பலகை மாட்டி, மூன்றாவதாக ஒரு கூட்டத்தை உள்ளே உட்கார வைத்தார்! இனி மேலே இருப்பவர்கள் கீழே கேட்க வேண்டியதையும், கீழே இருப்பவர்கள் மேலே கேட்க வேண்டியதையும் கம்ப்யூட்டரில் "டிக்கெட்" என்ற கோரிக்கைச் சீட்டாக எழுதி நடு அறைக்குத்தான் போடவேண்டும்.

அந்த அறைக்குத் தலைவி நம் அக்கா. பதினோரு வருஷக் கனவு. முதல் நாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சுழல் நாற்காலியில் இரண்டு சுற்று சுற்றினாள்.

ஒரு வியாழக்கிழமை காலை. வீட்டில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, வேன் ரெண்டு தெரு தள்ளி நிக்கும்போதே போன்ல 'வந்தாச்சு'ன்னு காட்டுது. அம்மாங்க எல்லாம் பிள்ளைங்களோட மழையில நிக்கறாங்க. திங்கக்கிழமையே சரிபண்ணி டிக்கெட் போட்டுட்டேன். அதை உங்க ரூம்ல ஊறப்போட்டிருக்கீங்களா?"

"ஏய், கீழேருந்து ஒரு கேள்வி வந்துச்சு. அதை எழுதி உனக்கு அனுப்பினோமே?"

"அது என் வரிசையில முப்பதாவதா நிக்குது. என்ன கேள்வி?"

"ஏத்தும்போது சர்வரை நிறுத்தணுமா, வேண்டாமான்னு."

"வேண்டாம்."

அக்காவின் கையில் தலையணை உறை அப்படியே தொங்கியது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். ஏன் அண்ணி இப்படி முழிக்கறீங்க?"

நாலு நாள். அரை நிமிஷப் பேச்சுக்கு நாலு நாள்! ஆபீஸ் போனதும் அந்த "வேண்டாம்" என்ற பதிலையும் வழக்கம்போல டிக்கெட்டாகவே கீழே அனுப்பிவிட்டு, பழைய டிக்கெட்டுகளைத் தோண்டிப் பார்த்தாள். எல்லாம் அதே கதை. வேலைக்கு ஒரு மணி நேரம், நடு அறையில் காத்துக்கிடக்க மூன்று நாள். இதை வெளியே சொன்னால் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் அம்மாக்கள் மழையில் நிற்பார்கள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "உங்க ரூம் வழியா இந்த மாசம் முந்நூறு டிக்கெட்! இன்னும் நாலு பேரைத் தர்றேன். ரூமையும் பெருசாக்கிடலாம்."

"மூடிடலாம் சார்."

"ஏன், ஏசி வேலை செய்யலையா?"

"ஏசி நல்லாத்தான் இருக்கு. முன்னாடி நடுவுல ஒரு சுவர் இருந்துச்சு சார். அதை இடிக்கறேன்னு சொல்லி ரெண்டாக்கிட்டோம்."

"அப்ப உங்க பதவி?"

அவள் சுழல் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். "ஆசை இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா வேன் இடம் காட்டற வேலைக்கு ஒரு மேசை, பெத்தவங்களுக்குச் செய்தி அனுப்பற வேலைக்கு ஒரு மேசைன்னு போடுங்க. ஒவ்வொண்ணுலயும் எழுதறவங்களும் ஓட்டறவங்களும் சேர்ந்து உட்காரட்டும். அவங்களே எழுதி, அவங்களே ஏத்தி, நின்னுபோனா போனையும் அவங்களே எடுக்கட்டும். யார் வேணா பயமில்லாம ஏத்தற மாதிரி ஒரு கருவி செஞ்சு குடுக்கறது எங்க வேலை."

மேனேஜர் மோவாயைத் தடவினார். "ஒரு வாரம். சரிவரலைன்னா பழையபடி ரூம்தான்."

அன்றைக்கே கீழ்த்தளத்தில் "உம்" என்று பெயரெடுத்த ஒருவர் மேலே வந்தார். எது கேட்டாலும் "உம்" என்று மட்டும் சொல்கிற மனிதர். நாத்தனார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ ஆறுவதற்குள் திருத்தம் ஏறிவிட்டது. "இதுக்கா நாலு நாள்?" என்றார். அவர் வாயிலிருந்து இத்தனை சொற்கள் வந்ததே இல்லை என்று மாடி முழுக்கக் கைதட்டியது.

திங்கட்கிழமை விடியற்காலை வீட்டில் போன் அடித்தது. அக்காவுக்கு இல்லை, நாத்தனாருக்கு! அவிழ்ந்த தலையோடு கம்ப்யூட்டருக்கு ஓடினாள்.

"இத்தனை வருஷமும் இப்படியா அண்ணி எழுந்தீங்க? நான் அரைகுறையா எழுதினதுக்கெல்லாமா?"

"இப்பவாவது தெரிஞ்சுதே, மகராசி."

அதற்குப் பிறகு நாத்தனார் ஒரு வரியை மூன்று முறை பார்க்காமல் ஏற்றுவதில்லை.

வாரம் முடிந்தது. மேனேஜரே ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினார். "நாற்காலிய மட்டும் நீங்களே வச்சுக்கோங்க" என்றார். அக்கா அதைத் தள்ளிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே வந்தாள். நாத்தனார் சட்டென்று ஏறி உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றினாள்.

"யாருடி இதைக் கத்துக்குடுத்தா?"

"நீங்கதான் அண்ணி. கண்ணாடி ரூமாச்சே, முதல் நாள் மாடியே நின்னு பாத்துச்சு!"

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் ஒருவர் வாய் திறந்தால் அடுத்தவர் காதில் அப்போதே விழட்டும். நடுவில் சுவர் எழும்பாமல், துணி மடிக்கத் துணைக்கு ஒரு கை குறையாமல், எல்லோரும் நன்றாக இருங்கள்.