எட்டுக்கு முன்னால் ஒன்பது

வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு நாள் நாலு மணி நேரம் இருந்தது. வீட்டு ஓனர் தாள்களோடு படியேறி வரும் சத்தம் கேட்டதுமே அக்காவுக்குக் கைகால் ஓடவில்லை.

ஓனர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு நேற்று இரவுதான் திரும்பியிருந்தார். ஒப்பந்தத்தைத் தானே தட்டச்சு செய்வார். ஒவ்வொரு வருடமும் அதில் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்து வைப்பார். தங்கை அதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்ட பிறகுதான் கையெழுத்து. போன வருடம் பதினோராவது விதி, 'குடியிருப்போர் உரிமையாளரின் ஜோக்குக்குச் சிரிக்க வேண்டும்' என்றிருந்தது. "சிரிக்கறதுக்குத் தனி சார்ஜ் அங்கிள்" என்று சொல்லி அவள் அதை அடித்தாள்.

"எங்க அந்த வாயாடி? இந்தத் தடவை அவ பாச்சா பலிக்காது."

"வெளிய போயிருக்கா அங்கிள்."

"செருப்பு வாசல்ல கிடக்கே?"

"வேற போட்டுட்டுப் போயிருக்கா."

"மெதுவா வரட்டும். எனக்கென்ன வெட்டி முறிக்கற வேலையா இருக்கு? ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொந்தக்காரர்களுக்குப் பெரியப்பா போன் செய்து சொல்லிவிட்டார். வங்கியிலும் தங்கையின் ஆபீஸிலும் அக்கா சான்றிதழை நீட்டினாள். அவர்களே படித்துப் பார்த்துப் பெயரை எடுத்துவிட்டார்கள். அவள் வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. தங்கையின் பெயர் மிச்சமிருந்தது பழைய ஒப்பந்தத்தில் மட்டும்தான். இன்னும் ஆறு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருந்தாள்.

"ஏம்மா, முகமே சரியில்ல? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்ல அங்கிள்."

"அப்ப நீயே படி. பெரியவளுக்கும் ஒரு சான்ஸ் தரேன்."

படித்தாள். எட்டாவது விதிக்கு முன்னால் ஒன்பதாவது விதி இருந்தது. தங்கையாக இருந்தால், "அங்கிள், ஒண்ணாம் வகுப்புல உங்களை யாரு பாஸ் போட்டது?" என்று வீடே அதிரக் கத்தியிருப்பாள். அக்கா பக்கத்தைத் திருப்பினாள். 'குடியிருப்போர்: இருவர்.' அவள் பெயர். அதன் கீழே இன்னொரு பெயர். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியா?" அவருக்கு வாயெல்லாம் பல்.

"ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. நீ ஒண்ணு, அவ ஒண்ணு. அதுல என்னம்மா தப்பு?"

பேனாவை எடுத்தாள். அந்தப் பெயரை அடிக்கக் கை வரவில்லை. மூடிவைத்தாள்.

"ஒருத்தர்தான் அங்கிள்" என்றாள். "அவ செத்துப் போயிட்டா."